சிக்கனப் படகா, வசதிப் படகா? ஸ்கூபா லைவ்அபோர்டு பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கடலிலேயே தங்கி, அங்கேயே உண்டு உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை நீருக்குள் இறங்கும் லைவ்அபோர்டு பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். போக வேண்டிய கடல் முடிவாகியிருக்கும், மாதமும் முடிவாகியிருக்கும்; அதே பவளத்திட்டுகளுக்கு, அதே ஏழு இரவுகளுக்கு இரண்டு படகுகள் கண்ணில் படும். ஒன்றின் கட்டணம் மற்றதில் பாதியாக இருக்கும். குறைந்த கட்டணப் படகில் ஏறினால் எதையோ பெரிதாக இழந்துவிடுவோமோ என்ற அச்சமும், கூடுதலாகக் கொடுத்தால் பணத்தை வீணடிக்கிறோமோ என்ற உறுத்தலும் சேர்ந்து முடிவைத் தள்ளிப்போட வைக்கின்றன.

இரு வகைப் படகுகளிலும் பயணம் செய்த பிறகு எனக்கு உறுதியாகப் புலப்பட்டது ஒன்று உண்டு. கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் நீருக்கு மேலே கழியும் நேரத்துக்குத்தான் போகிறது. ஒரு டைவ் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கொண்டால், நாளுக்கு நான்கு டைவ் செய்கிறவருக்கும் மீதி இருபது மணி நேரம் படகில்தான் கழியும். மான்டா திருக்கைகள் கூடும் இடமும் நீரோட்டமும் தெளிவும் இரு படகினருக்கும் ஒன்றே. ஆயினும் அந்த இருபது மணி நேரக் களைப்பு அடுத்த டைவுக்கு நம்மோடு இறங்கி வருவதால், வசதியை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பாதுகாப்பு இந்தக் கணக்கில் சேராத தனிக் கேள்வி. அதைக் கட்டணத்தோடு முடிச்சுப் போடுவதுதான் பயணிகள் செய்யும் மிகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை டைவ், எந்தெந்த இடங்களில் என்பது. இரண்டாவது, ஒரு கைடின் பின்னால் எத்தனை பேர் செல்வார்கள் என்பது. மூன்றாவது தூக்கமும் ஓய்வும். நான்காவது, சிலிண்டரில் அடைக்கப்படும் வாயுவும் வாடகை உபகரணங்களின் நிலையும். ஐந்தாவது, விளம்பரத்தில் சொல்லும் தொகையைத் தாண்டிக் கையிலிருந்து போகும் மொத்தப் பணம். ஆறாவது பாதுகாப்பு. இதை மற்ற ஐந்தோடு சேர்த்து எடைபோடக் கூடாது. இதில் தேறாத படகைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

உள் அலங்காரம், சாப்பாட்டின் வகைகள், மேல்தளத்து நீர்த்தொட்டி ஆகியவற்றை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அவை அவரவர் விருப்பம்.

## நீருக்கடியில் என்ன மாறுகிறது

"ஏழு இரவு" என்ற சொல்லை அப்படியே நம்பக் கூடாது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை. பல படகுகள் 24 மணி நேரமாகவே வைத்துக்கொள்கின்றன. இதனால் கடைசி முழு நாள் பெரும்பாலும் கரையோரத்தில் கழியும். முதல் நாளில் ஓர் அறிமுக டைவ் மட்டும் இருக்கலாம். ஏழு இரவுப் பயணத்தில் ஏறத்தாழ 18 முதல் 20 டைவ் கிடைத்தால் நல்ல திட்டம் என்று கொள்ளலாம். சிக்கனப் படகுகளில் சில, எரிபொருளை மிச்சப்படுத்த நாளுக்கு மூன்று டைவோடு நிறுத்திக்கொள்ளும். சில, தொலைவான திட்டுகளை விட்டுவிட்டு அருகிலுள்ள ஒரே இடத்தில் இரண்டு முறை இறக்கும். ஆகவே மொத்தச் செலவை டைவ் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதே முதல் வேலை. பாதிக் கட்டணம் என்று தோன்றியது, ஒரு டைவுக்கான செலவாகப் பார்க்கும்போது முக்கால் கட்டணமாக மாறிவிடுவது உண்டு.

கடலைப் பொறுத்தும் இந்த ஒப்பீடு மாறும். தாய்லாந்தின் சிமிலான் தீவுகளிலும் இந்தோனேசியாவின் கொமோடோவிலும் எல்லா விலையிலும் படகுகள் உண்டு; அங்கே சிக்கனப் படகு உண்மையான மாற்று. ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளில் நிலைமை வேறு. டார்வின், உல்ஃப் தீவுகளுக்கு லைவ்அபோர்டு வழியாக மட்டுமே போக முடியும், படகுகளின் எண்ணிக்கை அனுமதிகளால் கட்டுப்படுத்தப்பட்டது, டைவ் படகு ஒன்றில் 16 பயணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை. அங்கே மலிவான படகு என்று தேடுவதே வீண் முயற்சி. கோஸ்டாரிகாவின் கோகோஸ் தீவு கரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. போகவே ஒன்றரை நாள் வரை திறந்த கடலில் ஆட வேண்டும். அப்படிப்பட்ட பயணத்தில் உறுதியான, பெரிய படகு என்பது தேவையின் பட்டியலில் வந்துவிடுகிறது. செங்கடலின் பிரதர்ஸ், டேடலஸ் போன்ற தொலைதூரத் திட்டுகளுக்குக் குறைந்தது 50 டைவ் பதிவு கேட்கிறார்கள். அந்த அனுபவம் இல்லாதவர் எந்தப் படகில் போவது என்பதற்கு முன், அந்த வழித்தடமே தமக்கு உரியதா என்று பார்க்க வேண்டும்.

நீருக்கடியில் பணம் நேரடியாகத் தெரியும் ஓர் இடம் உண்டென்றால் அது குழுவின் அளவு. வசதிப் படகுகளில் ஒரு கைடுக்கு நான்கு பேர் என்பது வழக்கம். சிக்கனப் படகில் அது ஆறாகவும் எட்டாகவும் ஆகும். கடல்விசிறி என்னும் விசிறி வடிவப் பவளம் ஒன்றில் ஒட்டியிருக்கும் குட்டைக் கடற்குதிரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முழு உருவமே இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். விசிறியின் முண்டுகளைப் போலவே அதன் மேலும் முண்டுகள். கைடு சுட்டிக்காட்ட, ஒருவர் பின் ஒருவராக முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். நால்வர் என்றால் எல்லோரும் பார்க்கலாம். எண்மர் என்றால் ஏழாவது ஆளின் முறை வருவதற்குள் முன்னால் நின்றவர்களின் ஃபின்கள் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்புகள்) கிளப்பிய மணல் கண்ணை மறைத்திருக்கும், அந்தச் சிற்றுயிரும் முதுகைத் திருப்பிக்கொண்டிருக்கும். அதோடு, குழுவில் யாருக்குக் காற்று வேகமாகத் தீர்கிறதோ அவரை வைத்தே பல கைடுகள் எல்லோரையும் மேலேற்றுவார்கள் என்பதால், குழு பெரிதாகப் பெரிதாக டைவின் நேரமும் குறையும்.

ஆனால் சுறாக்களும் மீன் கூட்டங்களும் நிறைந்த, நீருக்கடியில் செங்குத்தாக இறங்கும் அகன்ற பாறைச் சுவர்களில் இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து இந்த அளவுகோலின் எடையைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

## சிக்கனப் படகு

இங்கே கிடைப்பது நான்கு பேர் படுக்கும் அடுக்குக் கட்டில் அறை, பொதுக் குளியலறை, அளவான நன்னீர், எப்போதும் ஈரமாக இருக்கும் டைவ் தளம். பல நேரங்களில் ஜெனரேட்டரும், சிலிண்டரில் காற்றை அடைக்கும் கம்ப்ரசரும் படுக்கைக்கு அடுத்த சுவருக்கு அப்பால் ஓடும். முதல் இரண்டு நாள் இவை எதுவுமே பெரிதாகத் தெரியாது. கடலுக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியே எல்லாவற்றையும் மூடிவிடும்.

சோதனை நான்காம் நாள் தொடங்கும். அப்படி ஒரு படகில், தொடர்ந்து மூன்று இரவுகள் அரைத் தூக்கத்தில் கழிந்த பின், காலை ஆறு மணி டைவுக்கு எழுந்தேன். முந்தைய இரவு கம்பியில் மாட்டிய வெட்சூட் (உடலை ஒட்டிய டைவ் உடை) காயாமல் குளிர்ந்து கிடந்தது. அதை இழுத்து மாட்டியதும் உடல் நடுங்கியது. சிலிண்டரைத் திறந்தேன், அழுத்தமானி 200 பார், அதாவது நிறைந்த சிலிண்டரின் அழுத்தம் காட்டியது, திருப்தியடைந்துவிட்டேன். குதிப்பதற்கு முன் என் டைவ் துணை, "மானியைப் பார்த்துக்கொண்டே நான்கு முறை மூச்சை இழுங்கள்" என்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சட்டென்று கீழே இறங்கி, பிறகு மெல்ல ஏறியது. வால்வை முழுதாகத் திறக்காமல் கால் சுற்றோடு விட்டிருந்தேன். 25 மீட்டர் ஆழத்தில் அது உயிரோடு விளையாடும் தவறு. நூறு முறைக்கு மேல் சரியாகச் செய்த வேலையை அன்று தவறவிட்டதற்குத் தூக்கமின்மையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மறைந்திருக்கும் செலவு என்றால் பணம் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். உடல் களைத்துப்போனதால் தவிர்க்கும் டைவும் செலவுதான். 20 டைவுக்குப் பணம் கட்டி, நான்கை உடல் அசதியால் விட்டுவிட்டால், ஒரு டைவுக்கான விலை கால் பங்கு கூடிவிடுகிறது.

சிக்கனப் படகு சிறப்பாகப் பொருந்தும் சூழல்கள் தெளிவானவை. பயணம் மூன்று நான்கு இரவுகள் மட்டுமே என்றால், களைப்பு சேர்வதற்குள் பயணமே முடிந்துவிடும். எங்கும் உறங்கிவிடக்கூடிய இளம் வயதினருக்கும், தீவுகளின் மறைவில் அலையில்லாத கடலில் செல்லும் வழித்தடங்களுக்கும், தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கும் இது நல்ல தேர்வு. லைவ்அபோர்டு வாழ்க்கை தமக்கு ஒத்துவருமா என்று முதன்முறை பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். இன்னொன்றும் உண்டு: ஆண்டுக்கு ஒரு வசதிப் பயணமா, இரண்டு சிக்கனப் பயணங்களா என்ற நிலையில், திறமை வளர வேண்டிய கட்டத்தில் இருப்பவருக்கு இரண்டு பயணங்களே மேல். நீரில் செலவிட்ட மணிநேரத்துக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

## வசதிப் படகு

இங்கே இருவர் அறை, தனிக் குளியலறை, தாராளமான வெந்நீர், உலர்ந்த துண்டு, கேமராவுக்கென்று தனி மேசையும் மின் இணைப்பும் கிடைக்கும். இவற்றில் உண்மையாகவே மதிப்புள்ளவை தூக்கமும் வெப்பமும். நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். 28 டிகிரி நீரிலும் நான்காவது டைவின் முடிவில் குளிரெடுப்பது இதனால்தான். மேலேறியதும் வெந்நீரில் குளித்து, அமைதியான அறையில் ஒரு மணி நேரம் கண்ணயர முடிந்தால் அடுத்த டைவ் புதிய டைவாக இருக்கும்.

மாலத்தீவுப் படகுகளின் ஏற்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தங்கும் படகு வேறு, டைவ் படகு வேறு. நம் மொழிக்கும் அவர்கள் மொழிக்கும் பொதுவான "தோணி" என்ற பெயரிலேயே அழைக்கப்படும் அந்தச் சிறு படகில்தான் சிலிண்டர்களும் கம்ப்ரசரும் உபகரணங்களும் இருக்கும். இரைச்சலும் ஈரமும் தோணியோடு போய்விடுவதால், அங்கே நடுத்தரக் கட்டணப் படகில்கூட ஓய்வு நன்றாகக் கிடைக்கும். கூடுதல் பணம் கொடுக்கும் முன், அந்தக் கடலின் வழக்கமே நமக்கு இலவசமாகத் தருவது என்ன என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த மூச்சுக் காற்று. பெரும்பாலான வசதிப் படகுகளில் இது கட்டணத்திலேயே அடங்கும். 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸில் 30 மீட்டரில் இருப்பவரின் உடலில் சேரும் நைட்ரஜன், சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 24 மீட்டரில் இருப்பவருடையதற்குச் சமம். 18 மீட்டரில் இருப்பவருக்கு அது 14 மீட்டருக்குச் சமம். ஒரு நாளில் ஒரே டைவ் என்றால் இந்த வேறுபாடு சிறியது. நாளுக்கு நான்காக, ஐந்து ஆறு நாள் தொடரும்போது, உடலில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் நீருக்கடியில் அனுமதிக்கும் நேரம் கணிசமாகக் கூடும். ஆழ வரம்பு குறைவது இதன் மறுபக்கம். 32 விழுக்காட்டுக் கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. நைட்ராக்ஸ் சான்றிதழ் இல்லாதவர் புறப்படும் முன்பே அதைப் பெற்றுவிட வேண்டும்.

வசதிக்கும் ஒரு மறைவிலை இருக்கிறது. அங்கே பணியாளர்களே ரெகுலேட்டரை (சிலிண்டரிலிருந்து மூச்சு இழுக்கும் கருவி) மாட்டி, சிலிண்டரைத் திறந்து, ஃபின்களைக் காலில் அணிவித்துவிடுவார்கள். ஒரு வாரம் இப்படிப் போனால் சரிபார்க்கும் பழக்கமே கைவிட்டுப்போகும். நைட்ராக்ஸ் சிலிண்டரின் ஆக்சிஜன் அளவை நாமே கருவியில் பார்த்துப் பதிய வேண்டும், வால்வை நாமே தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை பணிவோடு யார் செய்து தந்தாலும் இந்த இரண்டையும் பிறரிடம் விடக் கூடாது.

வசதிப் படகுக்குப் பணம் கொடுப்பது நியாயம் என்று நான் சொல்லும் சூழல்கள்: ஏழு இரவுகளும் அதற்கு மேலும் நீளும் பயணங்கள், திறந்த கடலில் இரவு முழுதும் ஓடும் வழித்தடங்கள், கடல் நோய்க்கு எளிதில் ஆளாகிறவர்கள், முதுகுவலியோ வயது முதிர்வோ உள்ளவர்கள், தீவிரமாகப் படம் எடுப்பவர்கள், சிற்றுயிர்களைத் தேடிப் போகிறவர்கள். டைவ் செய்யாத துணைவரோடு போகிறவர்களையும் இதில் சேர்க்கலாம். அவருக்கு இருபத்துநான்கு மணி நேரமும் படகுதான் உலகம்.

## விளம்பரத்தில் வராத செலவுகள்

| செலவு | சிக்கனப் படகில் | வசதிப் படகில் |
|---|---|---|
| கடல் பூங்கா, துறைமுகக் கட்டணங்கள் | பெரும்பாலும் தனி | சிலவற்றில் அடங்கும், பலவற்றில் தனி |
| எரிபொருள் கூடுதல் கட்டணம் | பின்னர் சேர்க்கப்படலாம் | பின்னர் சேர்க்கப்படலாம் |
| நைட்ராக்ஸ் | நாள் கணக்கில் அல்லது சிலிண்டர் கணக்கில் தனி | பெரும்பாலும் அடங்கும் |
| உபகரண வாடகை | தனி. தேய்ந்தவையாக இருக்கலாம் | தனி. பராமரிப்பு பொதுவாக மேல் |
| தனி ஆளுக்கான கூடுதல் தொகை | பொது அறை என்பதால் இல்லை | பாதி முதல் முழுக் கட்டணம் வரை |
| பணியாளர்களுக்கான டிப்ஸ் | தொகை குறைவு | கட்டணத்தின் விழுக்காட்டில் எதிர்பார்ப்பதால் தொகை அதிகம் |
| டைவ் காப்பீடு | நம் பொறுப்பு | நம் பொறுப்பு |
| முன்னும் பின்னும் கரையில் தங்கல் | பெரும்பாலும் நம் பொறுப்பு | சிலவற்றில் அழைத்துச் செல்வது அடங்கும் |

உபகரண வாடகையைப் பற்றி ஒரு சொல். சொந்தமாக எதுவும் இல்லாதவருக்கு ஒரு வார வாடகை பெருந்தொகையாகும். அதில் ஒரு டைவ் கம்ப்யூட்டரை வாங்கிவிடும் அளவுக்குக்கூடப் போகலாம். சிக்கனப் படகில் போக முடிவெடுப்பவர்கள், மிச்சமாகும் பணத்தில் முதலில் கம்ப்யூட்டரையும் முகமூடியையும் பொருத்தமான வெட்சூட்டையும் வாங்கிக்கொள்வது நல்லது. அவை அடுத்த பயணங்களுக்கும் உதவும்.

## பாதுகாப்பு: கட்டணம் சொல்லாத உண்மை

2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலை, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவ் படகில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்து அடுக்குக் கட்டில்களில் உறங்கிக்கொண்டிருந்த 33 பயணிகளும் ஒரு பணியாளரும் இறந்தார்கள். அந்த அறைக்குப் படிக்கட்டு ஒன்று, அவசர வழி ஒன்று என இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுமே தீப்பற்றிய அதே மேல்தளக் கூடத்துக்குள் திறந்தன. இரவு ரோந்துக் காவல் போடாததே தீ தாமதமாகக் கண்டறியப்பட்டதற்குக் காரணம் என்று அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டது.

இதைப் படித்துவிட்டுச் சிக்கனப் படகே ஆபத்து என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 2023 ஜூன் 11 அன்று செங்கடலின் எல்ஃபின்ஸ்டன் திட்டருகே தீக்கிரையான ஹரிகேன் படகிலும், 2024 நவம்பர் 25 அன்று எகிப்தின் மர்சா ஆலமுக்கு அருகே மூழ்கிய சீ ஸ்டோரி படகிலும் உயிர்கள் போயின. இவற்றில் சீ ஸ்டோரி, கட்டிச் சில ஆண்டுகளே ஆன, பல தளங்கள் கொண்ட படகு. தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படகின் எடை மையம் உயரும் என்பது எளிய இயற்பியல். பளபளப்பான மேல்தளம் படகின் நிலைத்தன்மைக்குச் சான்று ஆகாது.

எனவே எந்தப் படகில் ஏறினாலும் முதல் மாலை நான் செய்யும் ஒரு வேலை உண்டு. படுக்கையில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடியே வெளித்தளம் வரை போவேன். எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை படி என்று எண்ணிக்கொள்வேன். பிறகு இரண்டாவது வழியிலும் அதையே செய்வேன். ஒருமுறை, நல்ல கட்டணம் வாங்கிய ஒரு படகில் அந்த இரண்டாவது வழியின் மூடிக்கு மேல் உயிர்காப்பு மேலாடைகளின் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. நானும் இன்னொரு பயணியும் சேர்ந்தே அதைத் தள்ள முடிந்தது. படகின் தலைவரிடம் சொன்னதும் உடனே அகற்றினார். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாரம் முழுதும் அது அங்கேயே இருந்திருக்கும்.

கம்ப்ரசரும் பாதுகாப்பில்தான் சேரும். காற்றை உள்ளிழுக்கும் குழாய் எஞ்சின் புகைபோக்கிக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். மேற்பரப்பில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவும் 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தத்தில் உடலுக்குள் செல்லும். சிலிண்டரைச் சற்றே திறந்து முகர்ந்து, எண்ணெய் வாடை அடித்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது என்பதால், வடிகட்டி மாற்றிய தேதிகளின் பதிவையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

## நடுவழி ஒன்று

இரண்டுக்கும் இடையில் தவிப்பவர்களுக்கு நான் அதிகமாகச் சொல்வது, நல்ல படகின் மலிவான அறையை. ஒரே படகில் கீழ்த்தள அறைக்கும் மேல்தள அறைக்கும் கட்டணம் வெகுவாக மாறுபடும். கைடும் நைட்ராக்ஸும் உணவும் எல்லோருக்கும் ஒன்றே. படகின் நடுவில், நீர்மட்டத்துக்கு அருகில் ஆட்டம் மிகக் குறைவு என்பதால் கடல் நோய் உள்ளவர்களுக்குக் கீழ்த்தளமே உகந்தது. முன்முனை அறையில் தூக்கிப் போடும், பின்முனையில் எஞ்சின் இரையும். ஆனால் மேலே சொன்ன வெளியேறும் வழிகளைக் கீழ்த்தளத்தில் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ போவதும், புறப்பாட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது நிரம்பாத இடங்களைக் கேட்பதும் கட்டணத்தைக் குறைக்கும். பருவ ஓரங்களில் கடல் கொந்தளித்தால் தொலைதூரத் திட்டுகள் விடுபட்டுப்போகும் வாய்ப்பு உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

## முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இரண்டு படகுகளுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். எத்தனை டைவ் உறுதி, ஒரு கைடுக்கு எத்தனை பேர், கட்டணத்தில் அடங்காதவை எவை, அவசரச் சிகிச்சைக்கான ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை மணி நேரத்துக்குப் போதும், டைவால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் மறுஅழுத்த அறை அருகில் எவ்வளவு தொலைவில் உள்ளது, உயிர்காப்புத் தெப்பங்கள் படகிலுள்ள எல்லோருக்கும் போதுமா, என் அறையிலிருந்து வெளித்தளத்துக்கு எத்தனை தனித்தனி வழிகள், இரவில் பேட்டரிகளை மின்னேற்ற எங்கே அனுமதி, இரவு முழுதும் விழித்திருந்து சுற்றி வருபவர் யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒருவரின் பொறுப்பையும் நேர முறையையும் குறிப்பிட்டு விடை எழுதும் படகு எந்த விலையில் இருந்தாலும் என் பட்டியலில் நீடிக்கும்.